பானெட்டில் பதிந்த காக்கை எச்சம்: பாதி வெயில், பாதி என் கை

2023 மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது, உறவுக்காரத் திருமணம் ஒன்றுக்காகக் குடும்பத்தோடு ரயிலில் கும்பகோணம் போய்விட்டு ஆறு நாள் கழித்து நங்கநல்லூர் திரும்பினோம். எங்கள் அடுக்ககத்தில் எட்டு வீடுகளுக்கு நான்கு கார்கள் நிறுத்தத்தான் கூரையுள்ள இடம் இருக்கிறது. அந்த நான்கில் என் பங்கு இல்லாததால், கருநீல நிறமும் நான்கு வயதும் கொண்ட என் கார் பக்கவாட்டுச் சந்தில் மதிலை ஒட்டித் திறந்தவெளியில்தான் நிற்கும். ஆட்டோவிலிருந்து இறங்கி மூட்டைகளை இறக்குவதற்கு முன்பே காரைப் பார்த்துவிட்டேன். பானெட்டில் மட்டும் பதினொரு இடங்களில் காக்கை எச்சம் விழுந்து, காய்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

பயணக் களைப்பும் எரிச்சலும் சேர்ந்த அந்த நேரத்தில் நான் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. டிக்கியில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து, தண்ணீர்கூடத் தொடாமல், வறட்டுத் துணியாகவே அழுத்தித் தேய்த்தேன். பாதி பெயர்ந்தது, மீதி அசையவில்லை. உடனே வீட்டுக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரையும் ஒரு வாளி சோப்புத்தூள் தண்ணீரையும் கொண்டுவந்து, தோசைக்கல்லில் ஒட்டிய மாவைச் சுரண்டுவதுபோல் சுரண்டினேன். பதினைந்து நிமிடத்தில் வெள்ளை முழுவதும் போய்விட்டது, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாலையில் வெயில் சாய்ந்து பானெட்டின் மீது படுக்கையாக விழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எச்சம் இருந்த ஒவ்வொரு இடத்திலும் காபி டம்ளரை வைத்து எடுத்ததுபோல் மங்கலான ஒரு வட்டம் இருந்தது; அந்த வட்டங்களைச் சுற்றிலும் என் ஸ்க்ரப்பர் போட்ட கோடுகள் சிலந்தி வலைபோல் மின்னின.

அடுத்த வாரம் பக்கத்தில் இருந்த ஒரு வாட்டர் வாஷ் நிலையத்துக்குப் போனேன். "ரப்பிங் போட்டா எல்லாம் போயிடும் சார்" என்றார் அங்கிருந்த இளைஞர். ஒரு மணி நேரம் பஃபிங் மிஷினை ஓட்டிய பிறகு பானெட் கண்ணாடிபோல் பளபளத்ததால், கேட்ட பணத்தை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது முறை காரைக் கழுவியபோது அதே பதினொரு வட்டங்களும் திரும்பி வந்தன; கூடவே, மிஷினின் பஞ்சுத்தட்டு சுழன்ற தடங்களும் வெயிலில் தெரிந்தன. ரப்பிங் போடப் பயன்படும் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசைகளில் மலிவான பலவற்றில் கலந்திருக்கும் எண்ணெயும் மெழுகும் கீறல்களை அடைத்து மறைத்துவைக்கும், நாலு முறை கழுவினால் அந்த அடைப்பு கரைந்து பழைய முகம் வெளியே வந்துவிடும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

அதன் பிறகுதான் நண்பர் ஒருவர் புதுப்பேட்டையில் வெகுகாலமாகப் பெயின்ட் வேலை பார்க்கும் ஒரு பாயிடம் அழைத்துப் போனார். அவருடைய ஷெட்டில் முதலில் காரை நிழலில் நிறுத்தச் சொன்னார். அரை மணி நேரம் அதைத் தொடவே இல்லை. பானெட் ஆறிய பிறகு ஒரு டார்ச்சைத் தகட்டோடு தகடாகப் படுக்கவைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலின் நகத்தை ஒரு வட்டத்தின் விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்தார். நகம் இலேசாகத் தடுக்கியது. என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார், எனக்கும் தடுக்கியது.

"சார், காக்கா பண்ணது பாதிதான். மீதி பாதி உங்க கை பண்ண வேலை" என்றார்.

"பாதி காக்கா, பாதி நான்னா, அந்த மிஷின்?" என்று கேட்டேன்.

"அது ரெண்டையும் சேத்து இன்னும் கொஞ்சம் வாரிட்டுப் போயிருக்கு."

பெயின்டின் கனத்தைக் காட்டும் சிறிய கருவி ஒன்று அவரிடம் இருந்தது. ரூஃபில் வைத்தபோது 118 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டியது. பானெட்டின் நடுவில், ரப்பிங் போட்ட பகுதியில், 97 காட்டியது. தொழிற்சாலையிலிருந்து வரும் பெயின்டின் மொத்தக் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். அதில் நிறத்துக்கு மேலே கண்ணாடிபோல் இருக்கும் கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனைவிடவும் குறைவான இந்தப் படலம்தான் வெயில், மழை, எச்சம் எல்லாவற்றையும் தாங்குகிறது. ஒவ்வொரு முறை ரப்பிங் போடும்போதும் நாம் சீவி எடுப்பதும் இதைத்தான். ரூஃபிலும் பானெட்டிலும் தொடக்கத்திலேயே ஒரே கனம் இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் பாயே சொன்னார். ஆனாலும் இனி இந்த பானெட்டில் கை வைக்கும்போது கணக்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

எச்சம் பெயின்டை எப்படிக் கெடுக்கிறது என்பதை நான் அதுவரை தவறாகவே நினைத்திருந்தேன். அமிலம் விழுந்து அரிக்கிறது, அவ்வளவுதான் என்பது என் எண்ணம். அமிலம் இருப்பது உண்மைதான்: பறவைகள் நம்மைப்போல் சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை, எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். உணவைச் செரிக்கும் நொதிகளும் அதோடு கலந்து வருகின்றன. ஆனால் வெயில் இதில் ஒரு பெரிய கூட்டாளி. நடுப்பகலில் கருநிறத் தகட்டின் மீது கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும்போது கிளியர் கோட் சற்று இளகி விரிகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் எச்சமோ காய்ந்து இறுகுகிறது. இரவில் தகடு குளிரும்போது கிளியர் கோட் சுருங்கி, அந்தப் பொருக்கின் கரடுமுரடான அடிப்பக்கத்தை அச்சில் வார்த்ததுபோல் தன்மேல் பதித்துக்கொள்கிறது. பெயின்ட் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இந்த அச்சுதான். அந்த இடத்தில் ஒளி நேராகத் திரும்பாமல் சிதறிவிடுகிறது. கருநீலக் காரை ஆறு நாள், அதுவும் கத்திரியில், திறந்தவெளியில் விட்டுப் போனவனுக்கு வேறு என்ன கிடைக்கும்? பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளைக் காரும் அதே சந்தில்தான் நின்றது. அதிலும் எச்சம் விழுந்திருந்தது. ஆனால் வெள்ளைத் தகடு அவ்வளவு சூடேறுவதில்லை, தழும்பும் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை.

பாய் செய்த வேலையை நாள் முழுவதும் உடனிருந்து பார்த்தேன். மேலோட்டமாக இருந்த இரண்டு வட்டங்களில் முதலில் ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடு காட்டினார். இளகிய கிளியர் கோட் தானாகவே சமனாகி, அவற்றில் ஒன்று கண்ணெதிரே மறைந்துவிட்டது. இது எல்லாத் தழும்புகளுக்கும் பலிக்காது. ஓரிடத்தில் சில நொடிகள் அதிகமாக நின்றாலும் கொப்புளம் வந்துவிடும் என்பதால், வீட்டில் செய்துபார்க்கக் கூடாது என்று என்னை எச்சரித்தார். மற்ற வட்டங்களுக்கு, முந்தைய இரவே தண்ணீரில் ஊறப்போட்டிருந்த 2500 எண் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் மிக நுண்ணிய உப்புத்தாள்)ச் சிறிய ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, வட்டத்தின் மீது மட்டும் நேர்கோட்டில் இழுத்தார். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்து டார்ச் அடித்தார், கருவியை வைத்தார். பிறகு 3000 எண் பேப்பர், அதன்பின் காம்பவுண்ட், கடைசியாக நுண்ணிய பாலிஷ் என்று படிப்படியாக வந்தார். பதினொன்றில் எட்டு முழுவதும் போயின, இரண்டு உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு மங்கின. மீதமிருந்த ஒன்றில், கால்வாசி வேலையிலேயே கையை எடுத்துவிட்டார்.

"இதுக்கு மேல போனா கலர் வந்துடும் சார். தழும்போட இருக்கட்டும், தோலாவது இருக்கும்" என்றார். முழுவதும் போக்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் பணம் கொடுத்திருப்பேன்; எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிந்தவரிடம் காரை விட்டோமே என்ற நிம்மதி அன்று வந்தது.

பானெட் முழுவதையும் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாமே என்றும் கேட்டேன். அதற்கு அவரே தடை சொன்னார். தொழிற்சாலையில் பெயின்டை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வாட்டி எடுக்கிறார்கள். கண்ணாடியும் ரப்பரும் வயரும் பொருத்தப்பட்ட காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது என்பதால், வெளிப்பட்டறைகளின் பெயின்ட் அறைகளில் 60 டிகிரி அளவில்தான் காய வைப்பார்கள். அந்தப் பெயின்ட் முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் விழும் எச்சம் இன்னும் எளிதாகப் பதியும். தழும்புக்குப் பயந்து பெயின்ட் அடித்து, அதன்மேல் புதுத் தழும்பை வாங்கிக்கொள்வதில் பொருளில்லை. வேறொரு இடத்தில், யாரோ கீறிவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்து இன்ஷூரன்ஸில் வாங்கிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். அது பொய் என்பது ஒருபுறம் இருக்க, கணக்கும் உதைத்தது. க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குப் பிரீமியத் தள்ளுபடியாகக் கிடைக்கும் போனஸ் முதல் ஆண்டு 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு வரை ஏறுகிறது. ஒரு க்ளெய்ம் போட்டால் அது அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். நான்காண்டு சேர்த்ததை ஒரு பானெட்டுக்காக இழக்க மனம் வரவில்லை.

அதன்பின் எச்சத்தைச் சுத்தம் செய்யும் முறையையே மாற்றிக்கொண்டேன். யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. மழை பெய்தால் போய்விடும் என்று விட்டுவிடுவது பலிக்காததற்குக் காரணம் இதுதான். ஆகவே ஊறவைப்பதுதான் வழி. கார் வெயிலில் நின்றிருந்தால் முதலில் நிழலுக்குக் கொண்டுவந்து தகடு ஆறும்வரை காத்திருக்கிறேன். காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல், சொட்டச் சொட்ட நனைத்த மைக்ரோஃபைபர் துணியை எச்சத்தின் மீது விரித்துப் பத்து நிமிடம் விட்டுவிடுகிறேன். நன்றாகக் காய்ந்திருந்தால் துணியை மீண்டும் நனைத்து இன்னொரு பத்து நிமிடம். பிறகு தேய்ப்பதே இல்லை. துணியின் ஓரத்தைப் பிடித்து, கிள்ளுவதுபோல் எச்சத்தை மேல்நோக்கித் தூக்கி எடுத்துவிட்டு, துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தால் ஒருமுறை ஒற்றுகிறேன். எச்சத்துக்குள் மணலும் விதையும் இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் வேப்பங்கொட்டையே முழுசாக இருக்கும். அவற்றை அழுத்தித் தேய்த்தால் நாமே உப்புத்தாள் போட்டதற்குச் சமம். நாவல் பழக் காலத்தில் ஊதாக் கறையும் சேர்ந்துகொள்ளும், அது கார் ஷாம்பூ கலந்த இளஞ்சூடான தண்ணீரில் இரண்டாம் முறை ஊறவைத்தால் பெரும்பாலும் போய்விடுகிறது. எச்சம் புறாவினுடையதாக இருந்தால் வறட்சியாகச் சுரண்டவே கூடாது. அந்தத் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கெடுதல். நனைத்து எடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வது நல்லது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியின் போர் தண்ணீர் உப்பு அதிகமுள்ளது. சூடான தகட்டில் காய்ந்தால் எச்சத்தின் வெள்ளை போய் உப்பின் வெள்ளை வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்னையில் பல வீடுகளில் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்துவைத்துக் காரைக் கழுவுகிறார்கள், நானும் கழுவியவன்தான். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான் என்பது வெகுநாள் மண்டையில் ஏறவில்லை. இப்போது அதை மாடிப்படி துடைக்க அனுப்பிவிட்டு, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துவைக்கிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து வரும் தண்ணீர் என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை, ஊறவைக்க அதைவிடத் தோதான தண்ணீர் நம் வீட்டில் வேறு கிடையாது. டிக்கியில் ஒரு லிட்டர் பாட்டிலில் அந்தத் தண்ணீரும் நான்கு துணிகளும் எப்போதும் இருக்கின்றன. வினிகர், எலுமிச்சை, டூத் பேஸ்ட், டீசல் நனைத்த துணி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அமிலம் பட்ட இடத்தில் இன்னொரு அமிலத்தை ஏன் ஊற்ற வேண்டும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

சுத்தம் செய்வது இருக்கட்டும், எச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தபோதுதான் சுவாரசியம் தொடங்கியது. என் கார் நிற்கும் சந்தில் மரமே கிடையாது. குறுக்கே போகும் கேபிள் டிவி வயருக்கு நேர் கீழே, தரையில், நூல் பிடித்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. காரை முன்னால் இரண்டடி தள்ளி நிறுத்தியதும் ரூஃப் தப்பித்தது. ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும் தினமும் காலையில் மெல்லிய கோடுகளாக எச்சம் வழிந்திருப்பது புதிராகவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியிலிருந்து பார்த்தேன்: கட்டைவிரல் அளவு தேன்சிட்டு ஒன்று, பக்கக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரி என்று எண்ணி விடாமல் கொத்திக்கொண்டும், இடையிடையே கண்ணாடியின் விளிம்பில் அமர்ந்து இளைப்பாறிக்கொண்டும் இருந்தது. கண்ணாடிகளை மடித்து, என் மகளின் பழைய பள்ளிச் சாக்ஸ் இரண்டை மாட்டிவிட்டேன். சண்டையும் நின்றது, கோடுகளும் நின்றன.

பானெட்டின் மீது விழுந்தவைக்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அம்மா தினமும் சாப்பிடும் முன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பார்; அமாவாசை என்றால் வடையும் பாயசமும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் கார். சோற்றுக்காகக் காத்திருக்கும் காக்கைகள் சுவரில் வரிசையாக அமர்ந்து, வாலைச் சந்துப் பக்கம் வைத்துக்கொள்கின்றன. நாங்கள் ஊரில் இல்லாத ஆறு நாளும் கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லி, சோறு தவறாமல் வைக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அம்மா ரயில் ஏறியிருக்கிறார்!

மேலே போட்டுக்கொள்ளும் பாதுகாப்புகளிலும் சிலவற்றைப் பார்த்துவிட்டேன். கார் கவர் நல்லதுதான், ஆனால் எச்சமோ தூசியோ இருக்கும்போது அதன்மேலேயே கவரைப் போட்டால், கடற்காற்றில் கவர் ஆடி ஆடி உப்புத்தாள் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கவரை அப்படியே விட்டால் ஈரம் உள்ளேயே புழுங்கும். கோடையில் மட்டும், அதுவும் கழுவிய மறுநிமிடம்தான் போடுகிறேன். செராமிக் கோட்டிங் விற்க வந்தவர் 9எச் கடினம், எச்சம் ஒன்றும் செய்யாது என்றார். அந்த 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அமிலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோட்டிங் இருந்தால் எச்சம் எளிதில் பெயர்ந்து வரும், நமக்குச் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆறு நாள் தாங்கும் என்பது பேச்சு. பானெட்டுக்கு மட்டும் பிபிஎஃப் எனப்படும், பெயின்டைக் காக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டினால் தழும்பு அந்தப் படலத்தில்தான் விழும், படலத்தை உரித்து மாற்றலாம். செலவைக் கேட்டுவிட்டு நான் திரும்பி வந்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசுகிறேன், பூசிய வாரங்களில் எச்சம் துணியோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது.

காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இடத்தை மாற்றச் சொன்னேன். "உன் காருக்காக முன்னோர்களை இடம் மாறி உட்காரச் சொல்றியா?" என்றார் அம்மா. இரண்டு நாள் கழித்து அவராகவே பின்பக்கச் சுவருக்குச் சோற்றை மாற்றினார். ஒரே வாரத்தில் காக்கைகளும் அங்கே குடியேறிவிட்டன. பானெட் சுத்தமாக இருக்கிறது, பாய் முடிக்காமல் விட்ட அந்த ஒற்றை வட்டத்தைத் தவிர. பின்பக்கச் சுவருக்குக் கீழேதான் இரண்டாம் மாடி அண்ணன் தன் புது ஸ்கூட்டரை நிறுத்துகிறார் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. போன வாரம் அவர் வறட்டுத் துணியோடு சீட்டுக்குப் பின்னால் குனிவதைப் பார்த்ததும், ஏசி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.